நமுனுகுலை அடிவாரத்தில் ஒரு மாட்டுப்பட்டி

கொழும்பிலிருந்து புறப்படும் மலைநாட்டுப் புகைவண்டி பட்டிப்பொலை நிலையத்தை அடையும்போது நாம் கடல் மட்டத்திலிருந்து 6,200 அடிக்கு மேலே நிற்கிறோம். இலங்கையின் இருப்புப் பாதையில் இதனினும் உயர்ந்த நிலையம் வேறில்லை. அப்பாற் சிறிது தூரத்தில் ஒரு சுரங்கம் இருக்கிறது. அதற்கு இப்புறத்தில் மழையும் மூடுபனியுமாக இருக்கும் நாட்களிற் கூட, வண்டி அப்புறம் தலை நீட்டியதும் பளீரென்று வெயில் முகத்தில் அடிக்கும். பள்ளத்தாக்குகளும் பத்தனைப் புல்வெளிகளும் கண்ணுக்கெட்டிய தூரம் வரை விரிந்து கிடக்கும். அதுதான் ஊவா நாடு.

அப்புத்தளை, தியத்தலாவை, பண்டாரவளை, எல்ல என்று ஒவ்வொரு படியாக வண்டி இறங்குகிறது. 1921 ஆம் ஆண்டிற் கட்டி முடிக்கப்பட்ட ஒன்பது வளைவுப் பாலத்தைக் கடக்கும்போது வெளிநாட்டுப் பிரயாணிகள் கதவோரம் நின்று படம் எடுக்கிறார்கள். தெமோதரையிலே பாதை ஒரு வட்டமடித்து, தான் கடந்து வந்த நிலையத்தின் அடியிலேயே சுரங்கம் வழியாக நுழைந்து செல்கிறது. அங்கிருந்து ஹாலிஎல, பின்னர் பதுளை. 1924 ஆம் ஆண்டில் இருப்புப் பாதை பதுளையை வந்தடைந்தது. அதற்கப்பால் அது நீளவில்லை. "வண்டி போய் நிற்கும் ஊர்" என்று எங்கள் லயத்துக் கிழவிகள் பதுளையைச் சொல்வது வழக்கம்.

2023 ஆம் ஆண்டுத் தைப் பொங்கலுக்காக இந்த வழியே சென்றேன். முதியங்கனை விகாரையையும், துன்ஹிந்தை நீர்வீழ்ச்சியையும் பார்க்க வருவோர் பதுளைக்குப் பலர் உண்டு. நான் போனது அவற்றிற்காக அன்று. நமுனுகுலை மலையின் சாரலில், பசறை வீதியிலிருந்து பிரிந்து மேலேறும் ஒரு தோட்டத்திலே என் தங்கை இரண்டு மாடுகளை வைத்துக்கொண்டிருக்கிறாள். மாட்டுப் பொங்கலன்று அந்தப் பட்டியிலே நிற்க வேண்டும் என்று மனம் விரும்பிற்று. அது என் தந்தையார் கட்டிய பட்டி. அவர் காலமாகிப் பதினொரு ஆண்டுகள் ஆகியிருந்தன.

மாடும் மலையும்

ஊவாவுக்கும் மாட்டுக்கும் உள்ள உறவு தேயிலையிலும் பழையது. பாதைகள் இல்லாத காலத்தில் நெல்லும் உப்பும் பொதிமாடுகளின் முதுகிலேறித்தான் இம்மலைகளைக் கடந்தன. 1817, 1818 ஆம் ஆண்டுகளில் ஊவா வெல்லசைக் கிளர்ச்சியை ஒடுக்கிய ஆங்கிலேயர், வயல்களை எரித்ததோடு நில்லாது கால்நடைகளையும் அழித்தார்கள். ஒரு நாட்டை முழந்தாளிடச் செய்வதற்கு அதன் மாட்டைக் கொன்றாற் போதும் என்பதை அவர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள்.

அதன்பின் கோப்பி வந்தது. கோப்பிச் செடிக்கு எரு வேண்டியிருந்தமையால் தோட்டங்களிலே துரைமாரே மாட்டுப்பட்டிகள் வைத்தார்கள். 1869 ஆம் ஆண்டில் இந்தப் பதுளைப் பகுதியைச் சேர்ந்த மடுல்சீமையிலேதான் கோப்பி இலைத் துருநோய் இலங்கையில் முதன்முதலாகக் காணப்பட்டது. இருபது ஆண்டுகளுக்குள் கோப்பி மாண்டது, தேயிலை ஏறியது. துரைமாரின் பட்டிகள் மறைந்தன. ஆனால் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து வந்த எம் மக்களுக்கு மாடில்லாத வாழ்வு வாழ்வாகத் தோன்றவில்லை. லயத்தின் ஓரத்தில் நான்கு கம்பு நட்டு, தகரமோ மானாப்புல்லோ வேய்ந்து, ஒரு பசுவைக் கட்டினார்கள். நிலம் தோட்டத்துக்குரியது, வீடு தோட்டத்துக்குரியது, பசு ஒன்றே தமக்குரியது.

ஊவாத் தேயிலையின் பெருமையை அறியாதார் இலர். ஆடி தொடங்கிப் புரட்டாதி வரை மேற்கேயிருந்து மலை தாண்டி வரும் கச்சான் காற்று, தன் மழையையெல்லாம் அப்புறத்திலேயே கொட்டிவிட்டு உலர்ந்த காற்றாக இங்கே இறங்குகிறது. அந்தக் காற்றுப் பட்ட கொழுந்துக்கு உலகச் சந்தையிலே தனி மணம், தனி விலை. அதே காற்று பத்தனைப் புல்லைக் காய்ந்த சருகாக்கிவிடுகிறது. தேயிலைக்கு நல்ல காலமாகிய மூன்று மாதமும் மாட்டுக்குப் பஞ்ச காலம். துரை முகம் மலரும் பருவத்தில் என் தந்தையாரின் முகம் வாடிக் கிடக்கும். இதைச் சிறு வயதிலேயே பார்த்தவன் நான்.

நாலு மணிக் குப்பி லாம்பு

என் தந்தையார் 1946 ஆம் ஆண்டில் அதே தோட்டத்தில் பிறந்தவர். பள்ளிக்கூடம் போனது இரண்டு வருடம். தொழில் கவ்வாத்து வெட்டுவது. எனினும் அவரை யாரும் கவ்வாத்துக்காரர் என்று சொன்னதில்லை. "மாட்டுக்காரர்" என்றே தோட்டம் முழுவதும் அழைத்தது.

விடியற்காலை நாலு மணிக்கு எங்கள் காம்பராவில் குப்பி லாம்பு எரியும். சாணம் அள்ளி, கல் பாவிய தரையைக் கழுவி, பசுவின் மடியை வெந்நீரால் துடைத்து, கன்றை முதலில் ஊட்டவிட்டுப் பின்னரே கறக்க உட்காருவார். நான்கு காம்பில் மூன்றைத்தான் கறப்பார். நாலாவது கன்றுக்கு. "அது பங்கு, தம்பி. அதுல கைவைக்கக் கூடாது" என்பார். பாலை அளந்து, வீதியோரத்துத் தேநீர்க் கடைக்கும் பால் சேகரிக்கும் இடத்துக்கும் கொடுத்துவிட்டு, பிரட்டுக்களத்திற்குப் பேர் கொடுக்க ஓடிவருவார். பிற்பகல் வேலை முடிந்ததும் கத்தியும் கயிறுமாகப் புல்லுக்குப் போவார். இருட்டும் வேளையில், மலைச்சரிவிலே ஒரு பெரிய புல்லுக்கட்டு தானாக நடந்து வருவது போலத் தோன்றும். அதன் கீழே அவர் இருப்பார்.

மழைக்காலத்தில் புல்லிலே அட்டை இருக்கும். அது மாட்டின் மூக்கினுள் ஏறிக்கொண்டு இரத்தத்தைக் குடிக்கும். மாடு தலையை உதறும், உணவு கொள்ளாது. தந்தையார் உப்புநீர் கலந்து, மாட்டின் தலையைத் தன் தோளில் ஏந்திப் பொறுமையாக அதனை வெளியே எடுப்பார். "மாடு பேசாது. அதுக்கு என்ன நோவுதுன்னு நாமதான் தெரிஞ்சுக்கணும்" என்று சொல்வார். நான் ஆசிரியனாகி இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. வகுப்பின் கடைசி வரிசையில் வாய் திறவாமல் இருக்கும் மாணவனைக் காணும்போதெல்லாம் அந்தச் சொல் என் நினைவுக்கு வருகிறது. பயிற்சிக் கலாசாலையில் இதனை எனக்கு எவரும் கற்பிக்கவில்லை.

பெரியப்பா விட்டுச் சென்ற பசு

எங்கள் பட்டியின் முதற் பசுவுக்கு ஒரு வரலாறு உண்டு. 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழர் நாடற்றவரானதையும், 1964 அக்டோபரில் சிறீமா–சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவுக்கும் மூன்று இலட்சம் பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டதையும் வாசகர்கள் அறிவார்கள். ஏட்டில் அவை எண்கள். லயத்திலோ, அண்ணன் ஒரு நாட்டுக்கும் தம்பி ஒரு நாட்டுக்கும் போவதாக அது வந்து சேர்ந்தது.

என் பெரியப்பா 1973 இல் குடும்பத்தோடு புறப்பட்டார். பதுளையிற் புகைவண்டி ஏறி, தலைமன்னாரிற் கப்பலேறி, இராமேசுவரத்தில் இறங்கிப் பின் நீலகிரிக்குச் சென்றார். தாயகம் திரும்பியோருக்கென்று தமிழ்நாட்டு அரசு 1968 முதல் அங்கே தேயிலை பயிரிட்டு வந்தது. ஊவாவிலே கொழுந்து பறித்த கை கோத்தகிரியிலும் கொழுந்தே பறித்தது. போகிறவர்கள் பாத்திரம், கட்டில், கோழி என்று யாவற்றையும் அரை விலைக்கு விற்ற காலம் அது. பெரியப்பாவின் செவலைப் பசுவை வாங்குவதற்கும் ஆள் வந்தது. "இதை மட்டும் விக்க மாட்டேன்" என்று சொல்லி, கயிற்றைத் தம்பியின் கையிலே கொடுத்துவிட்டு வண்டியேறினாராம். நிலையத்திலிருந்து திரும்பிய என் தந்தையார் அன்று மாலையும் புல்லுக்குப் போனார் என்று பாட்டி சொல்லியிருக்கிறார்.

அடுத்த ஆண்டு பஞ்சம் வந்தது. 1974 இல் தோட்டங்களிலே மாவுக்கும் அரிசிக்கும் மக்கள் பட்ட பாட்டைக் கேட்டால் நெஞ்சு நடுங்கும். பட்டினியால் இறந்தோரும் உண்டு. அவ்வாண்டில் செவலை கறந்த மூன்று போத்தல் பாலில் ஒரு போத்தலை மட்டுமே விற்றார்கள். மற்றவை லயத்திலிருந்த கைக்குழந்தைகளுக்குச் சென்றன. அந்தக் குழந்தைகளில் ஒருவர் பின்னாளில் எங்கள் தோட்டப் பாடசாலைக்கே ஆசிரியராக வந்தார்.

சாணமும் வைக்கோலும்

மலையின் அடிவாரத்திலே சிங்களக் கிராமம். அங்கே வயலும் மரக்கறித் தோட்டமும் வைத்திருந்த ஒரு பெரியவருக்கும் என் தந்தையாருக்கும் நடந்த வியாபாரத்தில் காசு என்பது கிடையாது. எங்கள் சாணம் அவருடைய பயிருக்குப் போகும். அறுவடை முடிந்ததும் அவருடைய வைக்கோல் எங்கள் மாட்டுக்கு வரும். கச்சான் காலத்தை எங்கள் பட்டி தாண்டியது அந்த வைக்கோலினால்தான். அவருக்குத் தமிழ் பத்துச் சொல் தெரியும். தந்தையாருக்குச் சிங்களம் அதைவிடச் சற்று அதிகம். மாட்டைப் பற்றிப் பேசுவதற்கு அது தாராளமாகப் போதுமாயிருந்தது.

1982 இல் என் தந்தையாருக்கும் இந்தியக் கடவுச்சீட்டு வந்து சேர்ந்தது. அண்ணன் இருக்கும் இடத்துக்குப் போய்விட வேண்டும் என்பதே வீட்டில் எல்லாருடைய எண்ணமும். ஆனால் செவலையின் மகள் அப்பொழுது சினையாக இருந்தது. "சினை மாட்டை யாருகிட்ட விட்டுட்டுப் போறது? ஈனட்டும், பார்க்கலாம்" என்று தந்தையார் பிரயாணத்தைத் தள்ளிப் போட்டார். கன்று பிறந்தது 1983 ஆடியில். அந்த மாதத்தின் கடைசி வாரத்தில் பதுளைக் கடைத்தெரு எரிந்தது.

அப்பொழுது எனக்கு நான்கு வயது. தேயிலைச் செடிகளுக்கிடையே ஈரமண்ணில் படுத்திருந்ததும், தாயார் என் வாயைப் பொத்தியிருந்ததும் மாத்திரம் நினைவிலுண்டு. மற்றவை தாயார் சொல்லக் கேட்டவை. நாங்கள் மலைக்கு ஓடியபோது தந்தையார் பசுவையும் கன்றையும் அவிழ்த்துவிட்டு வந்தாராம். எட்டாம் நாள் இறங்கி வந்து பார்த்தால் கொட்டில் வெறுமையாக இருந்தது. ஏதும் பேசாமல் வாயிலிற் குந்திவிட்டாராம். மாலையில் வைக்கோல் கொடுக்கும் பெரியவர் பசுவையும் கன்றையும் ஓட்டிக்கொண்டு மேலே ஏறி வந்தார். அத்தனை நாளும் தம் கொட்டிலிற் கட்டி வைத்துக் கறந்திருக்கிறார். கறந்த பாலை விற்ற காசை ஒரு துணியில் முடிந்து தந்தையாரின் கையில் வைத்தார். கொண்டுவந்து விட்டதற்குக் கூலி என்று இரண்டு ரூபாயைத் தந்தையார் நீட்டியபோது, அவர் கோபித்துக்கொண்டாராம்.

அதன்பின் தாயார் பலமுறை வற்புறுத்தினார். "பிள்ளைகளை எண்ணிப் பாருங்க, போயிருவோம்" என்று அழுதார். தாயார் சொன்னதில் நியாயம் இருந்தது. அஞ்சி ஓடியவரைக் குறை சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. தந்தையார் மட்டும் ஒரே பதில் சொன்னாராம்: "மாட்டைத் திருப்பிக் கொடுக்கிற ஊரை விட்டு எங்க போறது?" அவர் மனம் மாறுமுன்னர், 1984 இல் தலைமன்னார்க் கப்பல் நின்றது. செல்லாத கடவுச்சீட்டு ஒன்று தகரப் பெட்டியில் தங்கிற்று. எங்கள் குடும்பத்துக்கு இன்ன நாடு என்று தீர்மானித்தவர்களில் ஒரு சினைப்பசுவும் ஒன்று என்று சொன்னால் அது மிகையாகாது.

தம் போன்றோருக்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2003 இல் வந்த பிறகே அவர் இந்நாட்டின் குடிமகனானார். முதன்முறை வாக்களித்தபோது அவருக்கு வயது அறுபதை நெருங்கியிருந்தது. அன்று காலையும் பால் கொடுத்துவிட்டே வாக்குச்சாவடிக்குச் சென்றார்.

பள்ளிக்கூட வாசல்

இனிச் சொல்வது எனக்குப் பெருமை தருவதன்று. தோட்டப் பாடசாலை முடித்து நான் பதுளை நகரத்துக் கல்லூரியொன்றிற் சேர்ந்தேன். என் சட்டையிலே சாணம் மணக்கிறது என்று வகுப்பிற் சிலர் சிரித்தார்கள். ஒருநாள் தந்தையார் பால் வாளியோடு, முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டிய சாரத்தோடு, எனக்குச் சோற்றுப் பொதி கொண்டுவந்து வாசலில் நின்றார். அன்றிரவு, "இனிமே நீங்க அங்க வர வேண்டாம் அப்பா" என்று சொல்லிவிட்டேன். "சரி தம்பி" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவர் வாசலுக்கு வரவில்லை. எதிர்ப்புறத்துக் கடையிலே சோற்றுப் பொதியை வைத்துவிட்டுப் போய்விடுவார். கடைக்காரர் தாம் கொடுத்ததாகச் சொல்லும்படி கேட்டுக்கொண்டிருந்தார் என்பதைப் பல ஆண்டுகளுக்குப் பின்னரே அறிந்தேன்.

1990களின் நடுவே இன்னொரு துன்பம் நேர்ந்தது. தேயிலை மலையோரத்துப் புல்லுக்கு, யாருக்கும் அறிவிக்காமல் களைநாசினி தெளித்திருந்தார்கள். அறியாமல் வெட்டி வந்த புல்லைத் தின்ற பசுவொன்று இரண்டு நாள் கிடந்து மாண்டது. கலப்பின ஜேர்சி, அப்பொழுதுதான் எட்டுப் போத்தல் கறக்கத் தொடங்கியிருந்தது. மிருக வைத்தியர் வந்தும் பயனில்லை. முறையிடலாம் என்று நான் துள்ளினேன். தந்தையார் குழி வெட்டினார். மறுநாட் காலை பிரட்டுக்குப் போனார். தோட்டத்துப் புல், தோட்டத்து நிலம், தோட்டத்து வீடு. எதன்மேல் நின்று முறையிடுவது என்பதை அவர் என்னிலும் நன்றாக அறிந்திருந்தார். அந்த மௌனத்தை நான் அன்று கோழைத்தனம் என்று எண்ணினேன். இன்று அவ்வாறு எண்ணவில்லை. எனினும் அந்த மௌனம் நியாயமானது என்றும் ஒப்புக்கொள்ள மாட்டேன். சொந்தமாக ஒரு துண்டு நிலம் இருந்திருந்தால் அவர் பேசியிருப்பார்.

உயர்தரப் பரீட்சையில் முதன்முறை நான் தவறினேன். இரண்டாம் முறை பதுளையிலே அறை எடுத்துத் தங்கிப் படிக்கப் பணம் தேவைப்பட்டது. எங்கிருந்து வந்தது என்று கேளாமலே வாங்கிக்கொண்டேன். விடுமுறைக்கு வீட்டுக்குப் போனபோது கொட்டிலிலே ஒரு முளை வெறுமையாக இருந்தது. "புல்லு சுமக்க முடியல, தம்பி. ஒண்ணு போதும்" என்று தந்தையார் சொன்னார். அவருக்கு அப்பொழுது ஐம்பத்திரண்டு வயது. அதன் பின்னும் பன்னிரண்டு ஆண்டுகள் அவர் புல் சுமந்தார்.

இன்றைய பட்டி

மாட்டுப் பொங்கலன்று விடியுமுன்னரே தங்கை எழுப்பினாள். குப்பி லாம்புக்குப் பதிலாக இப்பொழுது மின்விளக்கு. தரை சீமெந்து. மற்றவை மாறவில்லை. மாடுகளைக் குளிப்பாட்டி, கொம்புக்கு மஞ்சள் பூசி, மாலை போட்டோம். தங்கையின் கணவர் கொழும்பிலே கடையொன்றில் வேலை பார்க்கிறார். தோட்டத்து இளைஞர் பலரும் அவ்வாறே வெளியேறிவிட்டார்கள். கொழுந்து பறித்துக்கொண்டே மாட்டையும் பார்க்கிறவள் தங்கைதான். 2021 இல் நாட் சம்பளம் ஆயிரம் ரூபாயானது. ஆயினும் அப்பொழுது வேலை நாட்கள் குறைந்தால் அந்த ஆயிரமும் குறைந்தது. "மாசம் முழுக்க நம்பியிருக்கிறது பால்காசைத்தான் அண்ணே" என்றாள்.

அவளுக்கு ஒரு கவலை இருக்கிறது. லயங்களை ஒழித்துத் தனி வீடு கட்டிக் கொடுக்கும் திட்டங்கள் மலையகத்திலே நடந்து வருகின்றன. அப்பொழுது கொடுத்தது ஏழு பேர்ச் காணி. அதில் ஒரு வீடு. இது நம்மவர் நெடுங்காலம் கேட்டுப் பெற்ற நன்மை. இதனைக் குறை கூறுவது நன்றி மறத்தலாகும். ஆனால் ஏழு பேர்ச்சில் வீட்டைக் கட்டிய பின் மாட்டை எங்கே கட்டுவது? புல்லை எங்கே வெட்டுவது? "வீடு கிடைச்சா மாட்டை வித்துரணுமா அண்ணே?" என்று தங்கை கேட்டாள். திட்டம் வகுக்கும் பெரியோர், வீட்டுக்கு அளந்து கொடுக்கும்போது தோட்டந்தோறும் ஒரு பொதுப் புல்வெளிக்கும் சிறிது நிலம் அளந்து விட்டால், பல குடும்பங்கள் தம் காலிலே நிற்கும். புல் விளையாத தரிசும், தேயிலை கைவிடப்பட்ட மலைகளும் ஊவாவிலே எத்தனையோ கிடக்கின்றன. நமுனுகுலைச் சாரலில் நின்று பார்த்தாலே தெரியும்.

பொங்கல் பொங்கி வரும் வேளையில் கோத்தகிரியிலிருந்து பெரியப்பாவின் மகன் தொலைபேசியில் அழைத்தார். ஆண்டுதோறும் அழைப்பார். நலம் விசாரித்த பின் கேட்கும் கேள்வி ஒன்றே: "அந்தச் செவலை வம்சம் இன்னும் இருக்கா?" தங்கை தொலைபேசியை மாட்டின் பக்கம் திருப்பிப் பிடித்தாள். மாடு கத்தவில்லை, அசைபோட்டுக்கொண்டு நின்றது. "இருக்கு அண்ணே, இந்த வருசமும் ஈனியிருக்கு" என்று அவளே சொன்னாள்.

அன்று காலை நானும் கறக்க உட்கார்ந்தேன். புத்தகம் பிடித்த கைக்குப் பால் எளிதில் இறங்கவில்லை. மாடு இருமுறை காலை உதைத்தது. தங்கை சிரித்துக்கொண்டே அருகில் வந்து மாட்டின் கழுத்தைத் தடவிக்கொடுத்தாள். மெல்ல மெல்ல வாளியிலே பால் விழும் ஓசை கேட்டது. மூன்றாவது காம்பு முடிந்ததும் கையை எடுத்துவிட்டு எழுந்தேன். கன்று தன் பங்குக்காகக் கயிற்றை இழுத்துக்கொண்டு நின்றது, அதனை அவிழ்த்துவிட்டேன்.